ஒரு கோள் எவ்வளவு தாமதிக்கலாம்

2016-ஆம் ஆண்டு யெக்காதித் மாதம் 6-ஆம் நாள், புதன்கிழமை, பகல் மூன்று மணி. தோசா மலையிலிருந்து இறங்கிய பனிமூட்டம் தெஸ்ஸி நகரின் மேலிருந்து இன்னும் விலகவில்லை. வெப்பநிலை பதினொரு டிகிரி. வெளிநாட்டுக் கணக்கில் இதே பொழுது 2024 பிப்ரவரி 14, காலை ஒன்பது மணி. விடியலிலிருந்து பகல் மணியையும், அந்தியிலிருந்து இரவு மணியையும், செப்டம்பரிலிருந்து ஆண்டையும் எண்ணும் நாட்டில் வானியல் படிப்பவர்கள் இரண்டு கணக்கையும் அறிந்திருக்க வேண்டும். திர்சித் அஸ்ஃபாவ் இரண்டையும் அறிந்திருந்தாள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடத்தில்தான் தவறியிருந்தாள். அது முந்தின நாள் மாலையில் தெரியவந்தது.

இயற்பியல் துறையின் மாடிப்படியில் ஏறும்போது அவள் ஒரே ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப அமைத்துப் பார்த்தாள். நான்கு மணிக்குத் தொலைநோக்கி நேர ஒதுக்கீட்டுக் குழு கூடுகிறது. அதற்குள் வழிகாட்டியிடம் அந்த வாக்கியத்தைச் சொல்லியாக வேண்டும்.

அவளுடைய ஆய்வுக்குரிய விண்மீன் வேட்டைக்காரன் மண்டலத்தை ஒட்டி இருக்கிறது, வெறுங்கண்ணுக்குத் தெரியாது. குளிர்ந்த வாயுவும் தூசும் கலந்த மேகம் ஒன்று தன் எடையைத் தானே தாங்க மாட்டாமல் உள்நோக்கிச் சரிந்தது. நடுவில் குவிந்த பகுதி அழுத்தத்தால் சூடேறி விண்மீனாயிற்று. சரியச் சரியச் சுழற்சி வேகம் கூடியதால், நடுவில் வந்து விழாத மிச்சம் தட்டையாகப் பரவிச் சுற்றிக்கொண்டிருந்தது. சூடான கல்லின் விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றி இன்ஜெரா அப்ப மாவை ஊற்றுவதோடு அவள் இதை ஒப்பிட்டு எழுதியிருந்தாள். வழிகாட்டி அந்த உவமையை அடித்துவிட்டார். உவமை தவறு என்பதற்காக அன்று. வெளிநாட்டுத் தேர்வாளர் இன்ஜெரா சுடுவதைப் பார்த்திருக்க மாட்டார் என்பதற்காக.

விண்மீனைச் சுற்றிய அந்தத் தூசுத் தட்டில் தூசு தூசோடு ஒட்டிக் கட்டியாகி, பெரிய கட்டி சிறியதை இழுத்துச் சேர்த்து, கோள் ஒன்று உருவாகியிருந்தது. இது அனைவரும் ஏற்றுக்கொண்ட செய்தி. அந்தக் கோள் பதினைந்து நாளும் எட்டு மணி நேரமும் சேர்ந்த சுற்றில் விண்மீனின் முகத்துக்குக் குறுக்கே கடக்கும். கடக்கும் இரண்டு மணி நேரமும் விண்மீனின் ஒளி நூற்றில் ஒரு பங்கு குறையும். ஏற்றுக்கொள்ளப்படாத செய்தி ஒன்றும் இருந்தது: கோள் நேரம் தவறுகிறது.

தெஸ்ஸியில் ஒருவர் தாமதமாக வந்தால் வழியில் தெரிந்தவர் யாரையோ பார்த்தார் என்று பொருள். உடம்பு எப்படி, பிள்ளைகள் எப்படி, மாடு கன்று எப்படி, மழை எப்படி என்று கேட்டு முடிக்காமல் இருவரும் நகர முடியாது. கோளும் அவ்வாறே. வெளிப்பாதையில் இன்னொரு கோள் இருந்தால், இரண்டும் நெருங்கும்போதெல்லாம் ஒன்றின் ஈர்ப்பு மற்றதைச் சற்றே பின்னிழுக்கும், அல்லது முன்தள்ளும். தாமதத்தை அளந்தால் கண்ணுக்குத் தெரியாத அந்த இரண்டாவது கோளின் எடையைச் சொல்லலாம். திர்சித்திடம் இரண்டு கடப்புகளின் அளவு இருந்தது. மூன்றாவது கிடைத்தால் ஆய்வேடு 'உண்டு' என்று முடியும். கிடைக்காவிட்டால் 'இருக்கலாம்' என்று முடியும். அவளுடைய ஊதிய விடுப்பு செனே மாதத்தோடு தீர்கிறது. அதன்பின் வொல்தியா மேல்நிலைப் பள்ளியில் பழையபடி நெம்புகோலும் சாய்தளமும்தான்.

வழிகாட்டி ஷிபெஷி தம் அறையில் மேலங்கியைக் கழற்றாமல் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மலைமேல் இருக்கும் நோக்குநிலையத்துக்கு அவர்தான் தலைவர். மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் 'காஷே'.

"வா கண்ணு, வா. எப்படியிருக்கே? ராத்திரி தூங்கினியா? அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா?"

"கடவுள் புண்ணியத்துல எல்லாம் நல்லாயிருக்கு, காஷே. நீங்க சௌக்கியமா? வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

"எல்லாரும் சௌக்கியம். குளிர்தான் தாங்கல."

"காஷே, கோள் வந்துட்டுப் போயிருக்கு."

"எந்தக் கோள்?"

"நம்ம கோள்தான். தெர் மாசம் பத்தாம் தேதி ராத்திரி. நாம பதினொண்ணாம் தேதி ராத்திரி போய்க் காத்துக்கிட்டிருந்தோம்."

ஷிபெஷி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அதனால் எதுவும் மாறவில்லை.

பிழை எளியது. பிரான்சிலிருந்து உடன்பணியாற்றுபவர் கணித்து அனுப்பிய நாள் ஜனவரி 19. ஜனவரி 19 என்றால் தெர் 11, திருமுழுக்கைக் கொண்டாடும் திம்கத் திருநாள். பள்ளிக் குழந்தையும் சொல்லும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அது ஜனவரி 20 ஆகும். கேட்டால் அதையும் சொல்லும். கடந்த ஆண்டின் முடிவில், ஐந்தே நாள் கொண்ட பகூமே மாதத்துக்கு ஆறாவது நாள் ஒன்று கூடியது. ஆகவே, வெளிநாட்டவரின் பிப்ரவரிக்கு இருபத்தொன்பதாம் நாள் வந்து கணக்கைச் சமன்செய்யும் வரையில் நம் நாள்கள் ஒரு நாள் தள்ளியே விழும். திர்சித்தை யாரும் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அட்டவணையில் 'திம்கத் இரவு' என்று எழுதி, அதை மறக்க முடியாத நாளாக்கிவிட்ட நிறைவில் இருந்தாள்.

திம்கத்துக்கு முந்தின மாலை, கெத்தெரா. பட்டுக்குடைகளின் கீழ்ப் பேழைகள் கோயில்களிலிருந்து புறப்பட்டு நீர்த்துறைக்குப் போயின. ஊரே வெள்ளை உடுத்திப் பின்னால் நடந்தது. வானத்தில் மருந்துக்கும் மேகம் இல்லை. நன்றாக இருட்டியபின் திர்சித் போர்வையிலிருந்து கையை எடுத்து வேட்டைக்காரனின் பக்கம் நீட்டி, "நாளைக்கு அங்கதான்மா" என்று தாயிடம் சொன்னாள். அவள் கை நீட்டிய அந்தப் பொழுதில் கோள் விண்மீனின் முகத்தில் பாதி தூரம் கடந்திருந்தது.

மறுநாள் இரவு அவளும் ஷிபெஷியும் தொலைநோக்கியைத் திருப்பிவைத்து நள்ளிரவு வரை பார்த்தார்கள். ஒளி குறையவே இல்லை. கோள் சில நிமிடம் தாமதிக்கலாம், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கலாம். வராமலே இருப்பதற்குப் பெரிய காரணம் வேண்டும். பெரிய காரணம் என்றால் பெரிய கோள். ஷிபெஷி மூன்றாம் நாளே டீனிடம் சொன்னார். டீன் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். நகர வானொலி 'திம்கத்துக்கு வராத கோள்' என்று பத்து நிமிடம் ஒலிபரப்பியது. நேற்று மாலை, படங்களில் கருவி தானே பதித்திருந்த நாளை ஓர் அட்டவணைக்காகப் பெயர்த்தெழுதும்போதுதான் திர்சித் அதைப் படித்தாள்: ஜனவரி 20. அதுவரை அவள் வரைந்த படங்கள் அனைத்திலும் மணி இருந்தது, நாள் இல்லை. தெரிந்த நாளை எதற்கு எழுதுவது?

"யார்கிட்டயாவது சொன்னியா?" என்றார் ஷிபெஷி.

"உங்ககிட்டதான் முதல்ல."

"முதல்லன்னா, அடுத்து வேற இருக்கா?"

"நாலு மணிக்குக் கூட்டம் இருக்கே, காஷே."

ஷிபெஷி எழுந்து சன்னலருகே போனார். பார்ப்பதற்குப் பனிமூட்டம் மட்டுமே இருந்தது. "யெக்காதித் இருபத்தாறு ராத்திரியை உனக்கு மாத்திக் கொடுக்கறதா வாய்வார்த்தை ஆயிடுச்சு. எதனால? கோள் வரலன்னு நாம சொன்னதால. இப்ப வந்துச்சுன்னு சொன்னா, அந்த ராத்திரி யாருக்குப் போகும்?"

"பிஸ்ராத்துக்கு. அது அவனோட ராத்திரிதானே."

"அதுக்கப்புறம் உனக்கு எப்ப?"

அவருக்கும் தெரியும். ஒவ்வொரு கடப்பும் முந்தியதைவிட எட்டு மணி நேரம் பிந்தி விழுவதால், மூன்றில் ஒன்றுதான் தெஸ்ஸியின் மாலைக்கு வாய்க்கும். யெக்காதித் 26 விட்டால் மியாசியா மாதம். அப்போது விண்மீன் இருட்டும்போதே மேற்கு மலையில் சாய்ந்திருக்கும், போதாததற்குச் சிறுமழைக் காலம் வேறு.

"சும்மா இருன்னு நான் சொல்லல," என்றார். "அந்த ராத்திரிய வாங்கிக்கோ. கடப்பைப் பாரு. பாத்துட்டு அப்புறம் நிதானமா ஒரு திருத்தம் எழுதுவோம். பொய் சொல்லச் சொல்றேனா? கொஞ்சம் தாமதமாச் சொல்லச் சொல்றேன்."

"கோள் தாமதமா வந்தா அளக்கலாம், காஷே. இது தாமதமா வந்தா என்ன பேரு வைப்பாங்க?"

அவர் மேசைமேலிருந்த கோப்புக்கட்டை எடுத்துக்கொண்டார். இருவரும் கூட்டத்துக்கு நடந்தார்கள். நடைவழியில் மூன்று பேர் அவரை நிறுத்தி நலம் விசாரித்தார்கள். வராத கோளைப் பற்றியும் விசாரித்தார்கள்.

குழுவுக்குத் தலைவர் கணிதத்துறையின் வொர்க்னேஷ் ஹைலு. காற்புள்ளி ஒன்று குறைந்தால் கோப்பைத் திருப்பி அனுப்புகிறவர் என்று பெயர். உறுப்பினர் ஷிபெஷி. மூன்றாவது உறுப்பினர் மேற்படிப்புக்கு ஸ்வீடன் போய் ஓராண்டாகிறது. அவர் இடத்துக்கு ஒருவரை நியமிப்பது பற்றிய கோப்பும் ஏதோ காற்புள்ளிக்காகத் திரும்பியிருந்தது. பாதிக்கப்படும் தரப்பு என்ற முறையில் பிஸ்ராத்தும் வந்திருந்தான். ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்கள் அவன் பாடம். திர்சித்தோடு ஒரே ஆண்டில் சேர்ந்தவன். ஒதுக்கப்பட்ட இரவுகளை இதற்குமுன் இரண்டு முறை விட்டுக்கொடுத்தவன், அல்லது விட்டுக்கொடுக்க வைக்கப்பட்டவன்.

"உக்காரும்மா," என்றார் வொர்க்னேஷ். "திம்கத்துக்கு வராத விருந்தாளி எப்படியிருக்கு?"

"வந்துச்சு, டாக்டர். நாமதான் அங்க இல்ல."

படியில் அமைத்துப் பார்த்த வாக்கியம் இதுவன்று. ஆனால் இதுவே போதுமானதாக இருந்தது. மீதியை நாள்கணக்கோடு சொல்லி முடித்தாள். முடிந்ததும் பிஸ்ராத் மேசைமேல் நெற்றியை வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

"கெத்தெராவுக்கு வந்துட்டுப் போயிடுச்சா? ஐயோ, பாவம். பேழைக்குப் பின்னாடியே அதுவும் ஆத்துக்குப் போயிருக்கும். நீ திரும்பிப் பாத்திருந்தா பக்கத்துலயே நின்னுருக்கும் திர்ஸி, வெள்ளை உடுத்திக்கிட்டு."

"பிஸ்ராத்," என்றார் வொர்க்னேஷ். அவன் நிமிர்ந்தான்.

அவர் பழைய அட்டவணையை எடுக்கச் சொல்லி, விரலை வைத்துப் படித்தார். "இதுல மூணு கையெழுத்து இருக்கு. உன்னோடது, இவரோடது, என்னோடது. நான் எதைப் பாத்துக் கையெழுத்துப் போட்டேன்?"

"திம்கத் இரவு, ஜனவரி பத்தொன்பதுன்னு எழுதியிருந்ததைப் பாத்து."

"ஆமா. திம்கத்தைப் போய் யாராவது சரிபாப்பாங்களா?" கேள்வி யாருக்கும் உரியதாக இல்லை.

"மனுஷங்க செய்யற தப்புதானே," என்றார் ஷிபெஷி.

"பின்ன, மாடா கையெழுத்துப் போட்டுச்சு?"

விதிகள் தெளிவானவை. பனிமூட்டத்தால் இழந்த இரவுக்கு ஈடு உண்டு. பார்வையாளர் பிழையால் இழந்த இரவுக்கு ஈடு இல்லை. குழுவே பிழை செய்தால் என்ன என்பதற்கு விதி இல்லை. விதிகளை எழுதியவர் வொர்க்னேஷ். எழுதும்போது அப்படியொன்று நேரக்கூடும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அவர் பேனா மூடியைத் திருகினார். "ஒண்ணொண்ணா வருவோம். கோள் வரலன்னு சொல்லித்தான் அந்த ராத்திரிய மாத்தறதா இருந்தோம். அந்தக் காரணம் போச்சு. அதனால யெக்காதித் இருபத்தாறு பிஸ்ராத்தோடது."

"கடவுளுக்கு நன்றி," என்றான் பிஸ்ராத்.

"இரு, நான் இன்னும் முடிக்கல. தப்பு இவளோடது மட்டும் இல்ல, எங்களோடதும்தான். எங்க பங்குக்கு நாங்க எதாவது கொடுக்கணும். ஆனா உன் ராத்திரிய எடுத்து எங்க கடனை அடைக்க முடியாது. நீயா ஒத்துக்கிட்டா அது வேற. கீழ போய்க் காபி குடிச்சுட்டு வாங்க, ரெண்டு பேரும். ஒரே நேரத்தைச் சொல்லிக்கிட்டு வந்தா கையெழுத்துப் போடறேன். ரெண்டு நேரம் சொன்னீங்கன்னா, இப்ப இருக்கறபடியே இருக்கும்."

கட்டடத்தின் பின்புறம் தகரக் கூரையின் கீழ்க் காபிக்காரப் பெண் கொட்டையை அப்போதுதான் வறுக்கத் தொடங்கியிருந்தாள். தரையில் புல் பரப்பியிருந்தது. மூன்று சுற்றுக் காபி முடியாமல் எழுந்து போவது மரியாதையன்று. ஆகவே பேரத்துக்கு வேண்டிய காலம் தானாகவே அமைந்தது.

"உன்மேல எனக்குக் கோவம் இல்ல," என்றான் பிஸ்ராத், வறுபட்ட கொட்டையின் புகையைக் கையால் முகத்துக்கு இழுத்துக்கொண்டே. "ஆனா ஒண்ணு. போன வருஷம் எதுக்கு ராத்திரி கொடுத்தேன்? அமைச்சர் வந்து நிலாவைப் பாக்கறதுக்கு. அதுக்கு முந்தி? அமைச்சரோட மச்சினர் வந்து நிலாவைப் பாக்கறதுக்கு. நிலா எங்கயாவது ஓடிப்போகுதா?"

"என்னோடது ஓடிப்போகும்."

"என்னோடதும்தான். என் ஜோடி அன்னிக்கு ராத்திரி நாலு மணிக்கு ஒண்ணையொண்ணு மறைக்குது. மூணு மணிக்கே குழாயைத் திருப்பணும். உனக்கு எதுவரைக்கும் வேணும்?"

"அஞ்சு வரைக்கும்."

"அடி ஆத்தி! கடப்பு ஒண்ணே முக்காலுக்குத் தொடங்குதுன்னுதானே உன் கணிப்பு? அஞ்சு வரைக்கும் என்ன பண்ணப்போறே, வழியனுப்பி வைக்கப் போறியா?"

முதல் சுற்று வந்தது. கெட்டியாகவும் கசப்பாகவும் இருந்தது. திர்சித் கணக்கை விளக்கினாள். மறைந்திருக்கும் கோள் வியாழன் அளவுக்குப் பெரிதென்றால், தாமதம் ஒன்றரை மணி நேரம் வரை போகலாம். அப்போது கடப்பின் தொடக்கமே மூன்றேகாலுக்குத்தான். தொடக்கம் தெரிந்தபின்னும் ஒளி குறைந்தே நிலைத்திருப்பதை ஒரு மணி நேரமாவது பார்க்கவேண்டும். இல்லையென்றால் மெல்லிய முகில் ஒன்று குறுக்கே போனதற்கும் கோள் போனதற்கும் வேறுபாடு தெரியாது. கோள் எவ்வளவு கனமோ அவ்வளவு நேரம் வேண்டும்.

"வியாழன்னு யாரு சொன்னா?"

"உச்சவரம்பு அப்படித்தான் வச்சிருக்கேன்."

"உன் ரெண்டாம் அத்தியாயத்தை நான் படிச்சேன், திர்ஸி."

"எதுக்கு?"

"என் ராத்திரிய வாங்கப்போறவ என்ன எழுதியிருக்கான்னு பாக்க வேண்டாமா? தட்டோட வெப்ப ஒளியில ஒரு சின்னப் பட்டை மட்டும் குறையுதுன்னு நீயே படம் போட்டிருக்கே. அந்தச் சூட்டுல இருக்கவேண்டிய தூசி அங்க இல்ல. உன் ரெண்டாவது கோள் பெருக்கித் தள்ளிட்டுப் போன இடம் அது. சரியா?"

"சரி."

"எவ்வளவு அகலம் பெருக்கியிருக்கு? ஒல்லிக் கோடு. வியாழன் மாதிரி ஒண்ணு அங்க ஒரு லட்சம் வருஷம் சுத்தியிருந்தா பாதித் தட்டையே காலி பண்ணியிருக்கும். ஒரு முழத் துடைப்பத்தால பெருக்கின தடத்தைக் காட்டிட்டு, துடைப்பம் மூணு ஆள் நீளம்ங்கறே."

திர்சித் குவளையைத் தட்டில் வைத்தாள். இது அவளுக்குத் தெரியாத செய்தியன்று. அத்தியாயத்தை எழுதியவள் அவள். தடத்தின் அகலத்தைக் கொண்டு எடைக்கு வரம்பு கட்டலாம் என்பதை ஒரு பத்தியாக எழுதியும் இருந்தாள். அடுத்த அத்தியாயத்தில் அந்த வரம்பை எடுத்தாளாமல், வியாழனையே வைத்துக்கொண்டாள்.

"அகலத்தை வச்சு எடை சொல்றதுல பிழை நிறைய," என்றாள். "தூசி எவ்வளவு கெட்டிங்கறதைப் பொறுத்து மாறும். பாதுகாப்புக்காகத்தான் பெருசா வச்சேன்."

"பாதுகாப்புக்கா, ஆசைக்கா?"

இரண்டாம் சுற்று வந்தது. பெண் அதே தூளில் மீண்டும் நீர் ஊற்றியிருந்ததால் சற்று இளகியிருந்தது. திர்சித் பையிலிருந்து பென்சிலை எடுத்து, காபிக்காரி சர்க்கரை மடித்துவைத்திருந்த தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டாள். தட்டில் தூசு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், அந்த ஒல்லித் தடத்துக்குப் பொருந்தும் எடை சனிக்கோளின் எடையை எட்டவில்லை. அதில் பாதியைத்தான் எட்டியது. பிழைக்கு இடம்விட்டுச் சனி என்றே வைத்தாள். அதற்குரிய தாமதம் நாற்பது நிமிடத்தைத் தாண்டவில்லை.

கணக்கு முடிந்தபின்னும் அவள் பென்சிலை எடுக்கவில்லை. பெரிய கோள் ஒன்று இருக்கிறது என்று டீன், வானொலி, தாய், வொல்தியாவில் பழைய தலைமையாசிரியர் என எல்லோரும் நம்பினார்கள். அது வராத இரவு என ஒன்றே இல்லை என்று ஆனபின்பும், அவள் மனத்தில் அந்தக் கோள் பெரிதாகவே இருந்தது. இப்போது அதையும் அவளே இளைக்க வைத்தாள்.

"ரெண்டு இருபத்தஞ்சு," என்றாள்.

"என்னது?"

"ரொம்பத் தாமதமானாலும் ரெண்டு இருபத்தஞ்சுக்குத் தொடங்கிடும். அதுக்கு மேல ஒரு மணி நேரம். மூணரைக்கு நான் எழுந்துடுவேன்."

"மூணு."

"மூணுன்னா ஒளி அடியில நிக்கறதை அரைமணிதான் பாக்க முடியும். அது போதாதுன்னு உனக்கே தெரியும். நீ உன் ஜோடிக்கு அரைமணிய வச்சு முடிவு எழுதுவியா?"

பிஸ்ராத் குவளையின் அடியில் இருந்த மண்டியைச் சுழற்றினான். "குழாயைத் திருப்பக் கால்மணி. என் விண்மீன் அப்ப கிழக்குல, உன்னோடது மேற்குல. முழு அரைவட்டம். மூணே முக்காலுக்கு நான் தயாரானா, மறைப்புக்கு முன்னாடி கால்மணிதான் இருக்கு. எனக்கும் ஒளி எங்கேர்ந்து இறங்குதுன்னு தெரியணுமே."

"முந்தின நாள் ராத்திரியே அந்த அளவை எடுத்துக்கோ. அதோட ஒளி ஒரு நாள்ல மாறிடாது."

"முந்தின நாள் ராத்திரி எனக்கு இல்லையே. அது காஷே ஷிபெஷியோடது."

இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நோக்குநிலையத் தலைவருக்கென்று மாதத்தில் நான்கு இரவுகள் ஒதுக்கப்பட்டிருந்தன. அவற்றில் அவர் பெரும்பாலும் வால்வெள்ளிகளைத் தேடினார். இதுவரை எதுவும் அகப்படவில்லை.

"எங்க பங்குக்கு நாங்க எதாவது கொடுக்கணும்னு டாக்டர் சொன்னாங்கல்ல?" என்றாள் திர்சித்.

"சொன்னாங்க," என்றான் பிஸ்ராத். "காஷேவும் அங்கதான் இருந்தார். காதுல விழுந்திருக்கும்." பிறகு பெண்ணிடம் திரும்பினான். "அம்மா, மூணாவது சுற்றைச் சீக்கிரம் ஊத்துங்க. ரெண்டு பேரும் ஒரே நேரம் சொல்றோம். இவ மனசு மாறறதுக்குள்ள மேல போகணும்."

"மூணாவதுக்கு அவசரப்பட்டா ஆசீர்வாதம் ஒட்டாது," என்றாள் அந்தப் பெண், நிதானமாகவே ஊற்றி.

அவர்கள் மேலே போனபோது பகல் ஐந்தரை ஆகியிருந்தது. புதன்கிழமை விரதம் என்பதால் உணவகத்திலிருந்து கடலைமாவுக் குழம்பின் மணம் மட்டும் மாடிவரை வந்தது. ஷிபெஷி தொலைபேசியில் பேசி முடித்து அதை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தார். டீனிடம் பேசியிருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"டீன் என்ன சொன்னார், காஷே?" என்று திர்சித் கேட்டாள்.

"பலகையிலேர்ந்து எடுத்துடறாராம். வானொலிக்கு நானே பேசணுமாம். கோள் சௌக்கியமான்னு கேட்டார்."

திர்சித் நேரத்தைச் சொன்னாள். பிஸ்ராத் அதே நேரத்தைச் சொன்னான். முந்தின இரவைப் பற்றிச் சொல்லும் பொறுப்பை அவன் அவளுக்கு விட்டான். அவள் சொல்லும்போது ஷிபெஷி கூரையைப் பார்த்தார்.

"என் வால்வெள்ளி அன்னிக்கு ராத்திரி வந்துடுச்சுன்னா?" என்றார்.

"முப்பது வருஷமா வரலயே, காஷே," என்றார் வொர்க்னேஷ். "ஒரு ராத்திரி பொறுத்துக்கும். உங்க கையெழுத்தும் அட்டவணையில இருக்கு."

"இருக்கு," என்று அவர் ஒத்துக்கொண்டார். பின்பு திர்சித்திடம் திரும்பி, வேறு குரலில் கேட்டார். "சனிக்கு மேல இருக்காதா? உறுதியாவா?"

"தடம் அவ்வளவுதான் இடம் கொடுக்குது, காஷே."

"சரி. சனியும் சின்னது இல்ல."

வொர்க்னேஷ் முடிவைத் தம் கையாலேயே எழுதினார். பிறரை எழுதச் சொன்னால் படித்துத் திருத்துவதற்கு அதைவிட நேரமாகும் என்பது அவர் வழக்கமாகச் சொல்லும் காரணம். தெர் 11 இரவின் பதிவுகள் கடப்பு நேராத நாளுக்குரியவை. அவற்றைக் கொண்டு கூறப்பட்ட அனைத்தும் திரும்பப் பெறப்படுகின்றன. பிழைக்குப் பார்வையாளரும் குழுவும் சமமாகப் பொறுப்பு. யெக்காதித் 26, செவ்வாய்க்கிழமை, பொழுது சாய்ந்தது முதல் இரவு மூன்றரை மணி வரை தொலைநோக்கி திர்சித் அஸ்ஃபாவுக்கும், அதன்பின் விடியும் வரை பிஸ்ராத் கெப்ருவுக்கும் உரியது. முந்தின இரவு, நிலையத் தலைவரின் ஒதுக்கீட்டிலிருந்து பிஸ்ராத் கெப்ருவுக்கு அளிக்கப்படுகிறது. அன்று பனி மூடினால் எந்தத் தரப்புக்கும் ஈடு கிடையாது.

"கடைசி வரி எதுக்கு, டாக்டர்?" என்றான் பிஸ்ராத்.

"பனி யாரோட தப்பும் இல்ல. அதுக்கும் நான் கையெழுத்துப் போட முடியாது."

இரண்டு இடத்தில் காற்புள்ளி சேர்த்தார். தேதியை இரு கணக்கிலும் எழுதி, தம் கைப்பையில் இருந்த சிறு நாள்காட்டியோடு ஒப்பிட்டார். ஷிபெஷியையும் ஒப்பிடச் சொன்னார். அவர் ஒப்பிட்டுக் கையெழுத்திட்டார். வொர்க்னேஷ் அதன் கீழ்த் தம் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டு, ஊதா மையில் வட்ட முத்திரையை அழுத்தி, மை உலரும்வரை தாளைக் காற்றில் பிடித்திருந்தார். பிறகு மேசைக்குக் குறுக்கே நீட்டினார். திர்சித் எழுந்து, வலது முழங்கையை இடக்கையால் தாங்கி, குனிந்து வாங்கிக்கொண்டாள்.